எதிரே நாலு ஆர்ட்டின்

சீட்டாட்டம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "இந்த வயசில் இதையெல்லாம் எழுதி மானத்தை வாங்கணுமா?" என்றாள். வள்ளுவரும் அவள் கட்சிதான். சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவரோடு எனக்கு வழக்கில்லை. வீட்டை விற்று ஆடுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நான் சொல்லப்போவது, ஒரு மாலையில் ஐந்து டாலர் போனால் முகம் சுருங்கிவிடும் ஏழு கிழடுகளின் ஆட்டம். அதில் நான் செய்த ஒரு தப்பு 50 சென்ட் விஷயம்தான். ஆனால் அது பல ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் என்று சொன்னால் உங்களில் பலருக்குப் புரியும்.

போன வருஷம் ஆறு மாதம் மகள் வீட்டில், நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருந்தோம். ஓக் ட்ரீ ரோட்டில் இறங்கினால் முருங்கைக்காய் முதல் பூஜைச் சாமான் வரை கிடைக்கும். ஆனால் பேச ஆள் கிடைக்காது. பகலில் வீடு வெறிச்சென்று கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலி ஓரம் நின்று வானிலை பேசிப் பேசிப் பழக்கமாகி, "வியாழக்கிழமை மாலை சீட்டாடுவோம், ஓர் ஆள் குறைகிறது, வருகிறீர்களா?" என்றார். போனேன். அவர் வீட்டு நிலவறையில் ஒரு வட்ட மேஜை. பள்ளிப் பேருந்து ஓட்டியவர், மருத்துவமனையில் நர்ஸாக இருந்த 78 வயது அம்மாள், மோட்டல் நடத்திய ஒரு குஜராத்திக்காரர், இன்னும் இருவர். அந்த அம்மாளை நான் மனசுக்குள் நர்ஸம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

அவர்கள் ஆடுவது போக்கரில் ஒரு வகை. ஏழு சீட்டு ஸ்டட் என்று பெயர். இன்று டிவியில் காட்டும் போக்கர் வேறு. அதில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. 2003-இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதன் பிறகு ஊர் உலகமெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்கு முன் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஸ்டட்டுக்குத்தான் மவுசு. எங்கள் தபால்காரர் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார். அவருக்கு ஸ்டட்தான் சீட்டு, மற்றதெல்லாம் சினிமா.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆளுக்கு மூன்று சீட்டு, இரண்டைக் கவிழ்த்து, ஒன்றை மலர்த்திப் போடுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக இன்னும் மூன்று சீட்டு, மூன்றும் மலர்த்தி. கடைசியாக ஏழாவது சீட்டு, கவிழ்த்து. ஆக, கடைசி வரை நிற்பவன் முன்னால் நாலு சீட்டு ஊர் பார்க்கக் கிடக்கும், மூன்று அவனுக்கு மட்டும் தெரியும். ஏழில் சிறந்த ஐந்தை வைத்து ஜெயம். ஒரு ஜோடியை இரண்டு ஜோடி வெல்லும், அதை ஒரே எண்ணில் மூன்று வெல்லும், அதற்கு மேல் வரிசை, அதற்கு மேல் ஒரே சின்னத்தில் ஐந்து, அதாவது ஃபிளஷ். மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ், அது ஃபிளஷ்ஷையும் வெல்லும். மூன்றாவது சீட்டிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் உண்டு. எங்கள் மேஜையில் முதல் இரண்டு சுற்று 25 சென்ட், ஐந்தாவது சீட்டிலிருந்து 50 சென்ட். பிடிக்காவிட்டால் எந்தச் சுற்றிலும் ஒதுங்கலாம். ஒதுங்குகிறவன் தன் மலர்ந்த சீட்டைக் கவிழ்த்துவிடுவான். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் அடிக்கடி வரும் சங்கடம், எதிராளி முன்னால் பயங்கரமான சீட்டுகள் மலர்ந்து கிடக்கும்போது என்ன செய்வது என்பதுதான். நிற்பதா, ஒதுங்குவதா? என் அபிப்பிராயம், அந்தக் கேள்விக்கு அவருடைய சீட்டுகளை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்பது. சொன்னால் தப்பாகத்தான் சொல்வோம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அது நான் போன நாலாவதோ ஐந்தாவதோ வியாழன். எனக்குக் கவிழ்ந்து வந்தவை இஸ்பேட் ராணியும் ஆர்ட்டின் எட்டும். மலர்ந்து வந்தது கிளாவர் ராணி. ராணி ஜோடி, ஆரம்பத்துக்கு நல்ல கை. மலர்ந்த சீட்டுகளில் மிகச் சிறியது யாருடையதோ அவர் கட்டாயமாக 10 சென்ட் போட வேண்டும் என்பது விதி. அன்று மோட்டல்காரருக்கு அந்த விதி. முனகிக்கொண்டே போட்டார். நான் 25 ஆக்கினேன். தபால்காரர் மட்டும் கூட வந்தார், மற்ற ஐந்து பேரும் ஒதுங்கினார்கள்.

தபால்காரரின் மலர்ந்த சீட்டு ஆர்ட்டின் ஜாக்கி. அடுத்து அவருக்கு ஆர்ட்டின் நாலு வந்தது, எனக்கு ஆர்ட்டின் ஐந்து. நான் 25 கட்டினேன், அவரும் கட்டினார். ஐந்தாவது சீட்டு அவருக்கு ஆர்ட்டின் ராஜா. எனக்குக் கிளாவர் எட்டு, ஆக ராணியும் எட்டுமாக எனக்கு இரண்டு ஜோடி. பெரிய சீட்டு காட்டுகிறவர் முதலில் பேச வேண்டும். அவர் சும்மா மேஜையைத் தட்டினார். நான் 50 கட்டினேன், அவரும் கட்டினார். ஆறாவது சீட்டு அவருக்கு ஆர்ட்டின் ஒன்பது. எதிரே நாலு ஆர்ட்டின், ஜாக்கி, நாலு, ராஜா, ஒன்பது, வரிசையாக ரத்தச் சிவப்பில். இப்போது அவர் 50 கட்டினார். எனக்கு வந்தது உதவாத டைமன் இரண்டு. யோசித்துக்கொண்டே கட்டினேன். ஏழாவது சீட்டும் எனக்கு உதவவில்லை. அவர் தன் ஏழாவதை ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி 50 கட்டினார்.

நான் அந்த நாலு ஆர்ட்டினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் கவிழ்ந்து கிடப்பது மூன்று. அதில் ஒன்றே ஒன்று ஆர்ட்டினாக இருந்தால் போதும், என் இரண்டு ஜோடி குப்பை. மூன்றில் ஒன்றுகூடவா இருக்காது? கையை வைத்துவிட்டேன்.

தபால்காரர் சிரித்துக்கொண்டே தன் மூன்று சீட்டையும் மலர்த்தினார். காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை, குறும்புக்குத்தான். இஸ்பேட் ஜாக்கி, டைமன் பத்து, கிளாவர் ஐந்து. ஆர்ட்டின் வாசனையே இல்லை. வெறும் ஜாக்கி ஜோடி. மேஜை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஏமாந்தது எனக்குப் பெரிதில்லை. ஆட்டம் முடிந்து கோட்டு மாட்டும்போது நர்ஸம்மா கேட்ட கேள்விதான் பெரிது. "ஆர்ட்டின் எத்தனை போயிருந்தது, தெரியுமா?" என்றார். விழித்தேன். அவரே சொன்னார். "நான் ஒதுங்கியபோது கவிழ்த்தது ஆர்ட்டின் பத்து. ஓட்டுநர் கவிழ்த்தது ஆர்ட்டின் ஏழு. 10 சென்ட் போட்டுவிட்டு முனகினாரே, அவருடையது ஆர்ட்டின் இரண்டு. உங்களிடம் எத்தனை இருந்தது?" எட்டும் ஐந்தும், இரண்டு. மோட்டல்காரரின் முனகல்கூட என் காதில் விழுந்திருந்தது. அவர் முன்னால் மலர்ந்து கிடந்த சீட்டு என் ஞாபகத்தில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் அண்ணா ஹெட்மாஸ்டராக இருந்தவர். ஐம்பது வருஷத்து மாணவர்களின் இனிஷியல் வரை சொல்வார். கடைசி மூன்று வருஷம் அவருக்கு என் பெயர் வரவில்லை. "தம்பி" என்று மட்டும் கூப்பிடுவார். அதுவாவது வந்ததே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அது எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். சின்னச் சின்னதாகத்தான். நான் வங்கியில் 35 வருஷம் வேலை பார்த்தவன். பேரேட்டுப் பக்க எண்ணைச் சொல்லிக் கணக்கை எடுக்கச் சொன்னவன். ஐந்து நிமிஷம் முன்னால் பார்த்த மூன்று சீட்டு ஞாபகமில்லை என்றால் என்ன அர்த்தம்? அன்று ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். 4 டாலர் சொச்சம் போன துக்கம் என்று மனைவி நினைத்தாள்.

அடுத்த வியாழன் நர்ஸம்மாவிடம் தனியாகச் சொன்னேன், எனக்கு ஞாபக மறதி ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று. அவர் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. "மறதி இருக்கிறதா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். போய்க் காட்டுங்கள். ஆனால் அன்றைக்கு நீங்கள் எதையும் மறக்கவில்லை. பார்க்கவே இல்லை. சீட்டு விழும்போது உங்கள் கண் எங்கே இருந்தது என்று நான் கவனித்தேன். உங்கள் சொந்த இரண்டு சீட்டில் இருந்தது. மறப்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். என் ஏழு, அவருடைய மலர்ந்த நாலு, ஒதுங்கிய ஐந்து பேரின் ஐந்து, ஆக 16 சீட்டு எனக்குத் தெரிந்தவை. தெரியாதவை 36. பதின்மூன்று ஆர்ட்டினில் அவரிடம் நாலு, என்னிடம் இரண்டு, போனது மூன்று. மீதி நாலுதான். 36 சீட்டில் நாலு ஆர்ட்டின் இருக்கும்போது, கவிழ்ந்த மூன்றில் ஒன்றாவது ஆர்ட்டினாக அமைய வாய்ப்பு நூற்றுக்கு 30-ஐ ஒட்டித்தான். வேறு ஆர்ட்டினே எங்கும் விழவில்லை என்றால், 36-இல் ஒன்பது மிச்சம், வாய்ப்பு நூற்றுக்கு 59. மேஜையில் அதே நாலு ஆர்ட்டின், அதே தபால்காரர், அதே சிரிப்பு. ஆனால் போன சீட்டைப் பார்த்தவனுக்கு அது 30, பார்க்காதவனுக்கு 59. நானோ பயத்தில் அதை 100 என்று எடுத்துக்கொண்டேன்.

சீட்டுக் கணக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிராளி கண்ணை மூடிச் சீட்டு வாங்கிய ஆள் இல்லை, ஏதோ காரணத்துக்காகக் கூட வந்தவர். ஆனால் அந்தக் காரணத்தையும் அவரே காட்டிவிட்டிருந்தார். கவிழ்ந்த முதல் இரண்டும் ஆர்ட்டினாக இருந்திருந்தால், ஐந்தாவது சீட்டில் ராஜா விழுந்தபோதே அவருக்கு ஃபிளஷ் முடிந்திருக்கும். அப்போது மேஜையைத் தட்டிவிட்டு, நான் கட்டியதற்கு மட்டும் சாதுவாகப் பதில் கட்டினார். பொறி வைக்க அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர் அந்த ரகமில்லை என்று நாலு வியாழனில் எனக்கே தெரிந்திருந்தது. நாலாவது ஆர்ட்டின் மலர்ந்த பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது. என் முன்னால் மலர்ந்து கிடந்தவையோ ராணி, ஐந்து, எட்டு, இரண்டு, பார்க்கப் பஞ்சப் பாட்டு. என் இரண்டு ஜோடி அவருக்குத் தெரியாது. நான் அவர் சீட்டைப் பார்த்துப் பயந்த அதே நேரத்தில், அவர் என் சீட்டைப் பார்த்துத் துணிந்திருக்கிறார்.

கடைசியாக விலை. நடுவில் அப்போது 4 டாலர் 30 சென்ட் கிடந்தது. நான் கட்ட வேண்டியது 50 சென்ட். பத்தில் ஒரு தரத்துக்குச் சற்று மேல் ஜெயித்தாலே அந்தக் காசுக்கு நியாயம் கிடைத்துவிடும். ஆர்ட்டின் இல்லாமலும் அவர் என்னை வெல்ல வழி உண்டு, ராஜாவோடு இரண்டு ஜோடி, மூன்று ஜாக்கி என்று. அதையெல்லாம் சேர்த்து, பாதிக்கு மேல் அவர் பக்கம் என்றே வைத்துக்கொண்டாலும் நான் கட்டியிருக்க வேண்டும். அன்று அவரிடம் நிஜமாகவே ஃபிளஷ் இருந்து நான் கட்டித் தோற்றிருந்தாலும், கட்டியதுதான் சரி என்று இன்றும் சொல்வேன். ஒரு கையில் ஜெயித்தோமா தோற்றோமா என்பதை வைத்து அந்த முடிவை எடைபோடக் கூடாது. தெரிந்ததை வைத்துச் சரியாக நினைத்தோமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எதிராளி என்ன காட்டினாலும் துணிந்து நில்" என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த மாதமே நேர் எதிரான கை ஒன்று வந்தது. பேருந்து ஓட்டுநருக்கு மலர்ந்து விழுந்தவை ஒன்பது, ஒன்பது, மறுபடி ஒன்பது. ஐந்தாவது சீட்டிலேயே மூன்று ஒன்பது ஊர் பார்க்கக் கிடக்கிறது. என்னிடம் ராஜாவும் ஆறுமாக இரண்டு ஜோடி. அவர் 50 கட்டினார்.

இரண்டு கையும் பார்க்க ஒன்று போலத்தான் பயமுறுத்தும். ஆனால் இரண்டும் வேறு. நாலு ஆர்ட்டின் இன்னும் ஃபிளஷ் ஆகவில்லை, ஆவதற்குக் கவிழ்ந்த சீட்டில் ஒன்று வேண்டும். மூன்று ஒன்பதுக்கு எதுவும் வேண்டாம். மேஜை மேலேயே அது என் இரண்டு ஜோடியை ஜெயித்துவிட்டது. அங்கே அவர் கவிழ்த்து வைத்திருப்பது என்ன என்று யோசிப்பதே வீண். யோசிக்க வேண்டியது ஒன்றுதான், எனக்கு ஃபுல் ஹவுஸ் வருமா?

அதற்கு மிச்சமுள்ள இரண்டு ராஜா, இரண்டு ஆறு, இந்த நாலில் ஒன்று அடுத்த இரண்டு சீட்டுக்குள் விழ வேண்டும். இந்தத் தடவை நான் முதல் சுற்றிலேயே கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். ஒதுங்கிய ஐந்து பேரில் ஒருவர் ராஜாவையும் ஒருவர் ஆறையும் கவிழ்த்திருந்தார்கள். மிச்சம் இரண்டு. தெரியாத 39 சீட்டில் இரண்டு. வாய்ப்பு பத்தில் ஒன்று. நாலுமே போகாமல் இருந்திருந்தால்கூட ஐந்தில் ஒன்றைத் தாண்டாது. நடுவில் கிடந்த காசையும் இன்னும் கட்ட வேண்டிய காசையும் பார்த்தால், ஏறத்தாழ நாலில் ஒரு தரமாவது எனக்கு விழுந்தால்தான் கட்டும். அது போதாதென்று, மூன்று வைத்திருப்பவருக்கே ஃபுல் ஹவுஸோ நாலாவது ஒன்பதோ சேர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எனக்கு விழுந்த பிறகும் நான் தோற்கலாம். கையை வைத்துவிட்டேன்.

பக்கத்திலிருந்தவர், "இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டா ஒதுங்கினீர்கள்?" என்று பரிதாபப்பட்டார். இதைத்தான் நான் அந்த மேஜையில் வாரா வாரம் பார்த்தேன். நாலு ஆர்ட்டினைக் கண்டு ஒதுங்கும் அதே ஆள், மூன்று ஒன்பதுக்கு எதிரே கடைசி வரை காசு கட்டுவார். வந்தாலும் வரும் என்பார். இருக்கலாம் என்பதற்குப் பயப்படுகிறோம், இருக்கிறது என்பதோடு வாதம் செய்கிறோம். இரண்டையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். கண்ணால் கண்ட பலத்தோடு வம்பு வைக்காதே, காணாத பலத்துக்குக் கணக்குக் கேள். இதுதான் இந்த ஆட்டத்தில் என் கொள்கை.

நாலு ஆர்ட்டினுக்கும் எப்போதும் நிற்க வேண்டும் என்பதில்லை. ஆர்ட்டின் ஒன்றுமே போகவில்லை, என்னிடம் ஒற்றை ஜோடிதான், இன்னும் இரண்டு சுற்றுக் காசு பாக்கி என்றால், ஆறாவது சீட்டிலேயே ஒதுங்கிவிடுவேன். துரத்துவது நானாக இருந்தாலும் இதே கணக்குத்தான். முதல் நாலு சீட்டிலேயே எனக்கு நாலு ஆர்ட்டின் அமைந்துவிட்டால், பாக்கி மூன்று சீட்டில் ஐந்தாவது விழ வாய்ப்பு எவ்வளவு? பிறருடைய எட்டு சீட்டைப் பார்த்து அதில் ஆர்ட்டினே இல்லை என்றால் நூற்றுக்கு 55. அந்த எட்டில் நாலு ஆர்ட்டின் என்றால் 34. என் கையில் இருப்பது இரண்டிலும் ஒன்றேதான். முதலாவதில் எதிரே பெரிய ஜோடி மலர்ந்து கிடந்தாலும் நிற்கலாம். இரண்டாவதில் யோசிக்க வேண்டும்.

இதனால்தான், பயமுறுத்தும் சீட்டு எதிரே விழுந்த பிறகு யோசிக்க ஆரம்பிப்பது காலம் கடந்த வேலை என்கிறேன். அதற்குள் போன சீட்டெல்லாம் கவிழ்ந்துவிட்டிருக்கும். பார்க்க வேண்டிய நேரம் மூன்றாவது சீட்டு விழும் அந்த அரை நிமிஷம். அப்போது யாரிடமும் ஒன்றும் பெரிதாக இல்லை, யாரும் பயமுறுத்தவில்லை. அதனால்தான் நாமும் அசட்டையாக இருந்துவிடுகிறோம். நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தபடி, இப்போது என் கவிழ்ந்த சீட்டை நான் உடனே பார்ப்பதில்லை. முதலில் இடது பக்கத்திலிருந்து சுற்றி வந்து எல்லாருடைய மலர்ந்த சீட்டையும் மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொள்கிறேன். ஆர்ட்டின் இரண்டு, டைமன் ஆறு, இஸ்பேட் ஏஸ் என்று. என் இரண்டு சீட்டு எங்கேயும் ஓடிப்போகாது. மற்றவர்களுடையதுதான் மறைந்துவிடும்.

நம் ஊர் ரம்மிக்காரர்களுக்கு இது புதிதில்லை. கீழே போட்ட சீட்டை ஞாபகம் வைத்து, "அந்த ஏழு போயிடுச்சு, இனி காத்திருந்து பிரயோஜனமில்லை" என்று சொல்கிறவன்தான் நல்ல ஆட்டக்காரன். 1967-இல் சுப்ரீம் கோர்ட், ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று சொன்னபோது, சீட்டு போவதை ஞாபகம் வைப்பதையும் காரணமாகச் சொல்லியிருக்கிறது. 101 ஆட்டத்தில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் ஃபுல் 80. ஸ்கூட் விடுவதைக் கோழைத்தனம் என்று எந்த ரம்மிக்காரனும் சொல்வதில்லை. உள்ளே வெளியே ஆடுகிறவனுக்குத்தான் இதில் ஒன்றும் கிடையாது, அங்கே யோசிக்க இடமே இல்லை.

வங்கியில் கடன் கொடுக்கும் நாற்காலியில் இருந்தபோது நான் இதைச் சரியாகத்தான் செய்தேன் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. பளபளவென்று பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் மேஜையில் பரப்புவார்கள். அதெல்லாம் மலர்ந்த சீட்டு. நான் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. இந்தச் சொத்து இதற்கு முன் எங்கே போய் வந்தது, யாரிடம் அடமானம் கிடந்தது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. காசு வங்கியுடையது, ஆனாலும் கண் திறந்திருந்தது. அதே ஆள் ஓய்வு பெற்று, சொந்தக் காசு 50 சென்ட்டோடு உட்கார்ந்தபோது, பரப்பியதை மட்டும் பார்த்து முடிவு செய்திருக்கிறேன்.

நர்ஸம்மா சொன்னபடி, ஊர் திரும்பியதும் டாக்டரிடமும் காட்டினேன். மூன்று வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். வயசுக்கு உள்ளதுதான், வருஷம் ஒரு தரம் வந்து காட்டுங்கள் என்றார். அது நல்ல சீட்டா கெட்ட சீட்டா என்று இப்போதே சொல்வதற்கில்லை. கவிழ்ந்த சீட்டு கவிழ்ந்துதான் கிடக்கிறது. ஆனால் அண்ணாவின் கடைசி மூன்று வருஷத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எனக்கும் அதுதான் என்று கையை வைத்துவிட நான் தயாராக இல்லை.

நேற்று மனைவியிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "போன வருஷத்து ஆர்ட்டின் ரெண்டும் ஏழும் பத்தும் ஞாபகம் இருக்குங்க. காலையில் வாங்கிட்டு வரச் சொன்ன கொத்தமல்லி எங்கே?" என்றாள்.

அவள் சொன்னபோது நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, கேட்கவே இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. சில கைகளில் ஒதுங்கிவிடுவதுதான் உத்தமம். பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.